தார்ப்பாய் மூலையில் இருந்த கல்

எங்கள் வீட்டில் கல்லுக்கு ஒரே ஒரு வேலைதான். உப்பு அம்பாரத்தின் மேல் போர்த்திய தார்ப்பாய் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மரக்காணத்து உப்பளத்தில் நின்றுகொண்டு கண்ணுக்கு எட்டிய தூரம் தேடினாலும் ஒரு கல் அகப்படாது. எல்லாம் களிமண்ணும் உப்புத் தண்ணீரும்தான். அங்கே கிடக்கும் ஒவ்வொரு கல்லும் யாரோ எங்கிருந்தோ தூக்கி வந்தது. இடிந்த மதில், உடைந்த ஆட்டுக்கல், ரோடு வேலையில் மிஞ்சிய கருங்கல் என்று எதைக் கண்டாலும் அப்பாவின் கை தானாக அதைத் தூக்கி எடை பார்க்கும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு நான் பாறைகளைப் படிக்கப் போனேன். "கல்ல படிக்கிறதுக்கா இத்தினி வருஷம்?" என்று அம்மா இன்றைக்கும் கேட்பாள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

நான் எடுத்துக்கொண்டது உருமாறிய பாறைகள். ஏற்கெனவே இருந்த ஒரு பாறை பூமிக்குள் வெகு ஆழத்தில் புதைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் உருகாமலேயே வேறொரு பாறையாக மாறிவிடும். மாறும்போது உள்ளே புதுக் கனிமங்கள் முளைக்கும். அதில் ஒன்றுதான் கார்னெட். கறுத்து மின்னும் மைக்கா ஏடுகளுக்கு நடுவில் மாதுளை முத்து போலச் சிவப்பாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு முத்தும் தனியாக, இருந்த இடத்தில் கிடைத்ததைத் தின்று வளர்ந்ததா, இல்லை பாறைக்குள் ஏதோ ஒரு திரவம் ஓடி, அது போன வழியில்தான் முத்துகள் முளைத்தனவா? இதுதான் என் கேள்வி. திரவம் ஓடியிருந்தால் அதன் தடம் குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கனிமத்தின் மெல்லிய நூலாக முத்துகளைக் கோத்துக்கொண்டு போகும். கல்லை அறுத்தால் அறுத்த முகம் மட்டும்தான் தெரியும், நூல் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று தெரியாது. அதற்குத்தான் சிடி ஸ்கேன். மனிதருக்கு எடுப்பது போலத்தான், எக்ஸ்ரே கதிரின் பலம் மட்டும் அதிகம். கல்லை அறுக்காமலே உள்ளே ஏடு ஏடாகப் புரட்டிப் பார்க்கலாம்.

வானூரைத் தாண்டி உள்ளே போனால் ஒரு குவாரி இருக்கிறது. அதன் ஒரு சுவரில் நான் தேடியது மாதிரியான கறுப்புப் பட்டை ஓடியது. உரித்த தேங்காயை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்து வந்தேன். இன்னும் நாலு எடுக்கலாம் என்று அடுத்த முறை போனபோது அந்தச் சுவரே இல்லை. வெடி வைத்து ஜல்லியாக்கி லாரியில் அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நின்றது. ஆக, உலகத்தில் என் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய கல் என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதைக் கோணிப்பையில் போட்டு எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம், தண்ணீர்த் தொட்டியின் அருகே வைத்துவிட்டு, சென்னையில் ஸ்கேனுக்கு நாள் வாங்க அலைந்தேன். எனக்கு ஆய்வுக் காலம் முடிகிற கட்டம். ஒரு தடவை நீட்டித்தாகிவிட்டது, இன்னொரு தடவை தர மாட்டார்கள். இந்த ஸ்கேன் இல்லையென்றால் ஆய்வேட்டின் நடு அத்தியாயம் இல்லை, அது இல்லையென்றால் ஆய்வேடே இல்லை என்று என் வழிகாட்டி மேடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

ஒருவழியாக நாள் கிடைத்தது. கல்லை எடுத்துப் போக ஊருக்கு வந்தேன். கொல்லையில் கோணிப்பை மட்டும் மடித்துக் கொடியில் கிடந்தது.

"அம்மா, இதுல இருந்த கல்லு எங்க?"

"எந்தக் கல்லு?"

"செவப்பு செவப்பா புள்ளி வெச்சிருக்குமே, அது."

"அதுவா? அப்பா எடுத்துட்டுப் போயி எவ்ளோ நாளாவுது. புதுத் தார்ப்பாய்க்குக் கல்லு பத்தலன்னாரு. நல்ல கனமான கல்லுன்னு சந்தோஷமா வண்டியில வெச்சிக்கினு போனாரு."

"கல்லுன்னா எல்லாம் ஒண்ணா உங்களுக்கு?" என்று கத்தினேன். அம்மா சும்மா இருப்பவள் இல்லை. "பீரோவுல வெச்சிப் பூட்டியிருந்தா தொட்டிருப்போமா? கோணியில போட்டு வெளிய வெச்சது யாரு?" என்றாள். வாதம் செய்ய நேரமில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அது மழைக்கான மாதமே இல்லை. உப்பு எடுத்துக் குவித்திருக்கும் நேரத்தில் இப்படி வருகிற மழை எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஜென்ம விரோதி. அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினேன்.

வரப்பெல்லாம் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்பா அம்பாரத்தின் மேலே நின்று தார்ப்பாயை இழுத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் கீழே ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போனேன். செங்கல், மண் மூட்டை, கருங்கல், செங்கல். மேற்கு மூலையில் என் கல் இருந்தது. அதன் அடிப்பாகம் வாய்க்காலில் தேங்கிய உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. தலையில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

அந்த வெள்ளையைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. கல் வெறுமனே நனைந்திருந்தால் துடைத்துவிடலாம். கால் தண்ணீரிலும் தலை வெயிலிலும் இருந்தால் கதை வேறு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி, காய்ந்த தலை கீழே இருக்கும் தண்ணீரை வெடிப்புகளின் வழியே மேலே இழுக்கும். தண்ணீர் போய்விடும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். இத்தனை நாளும் வெயிலும் காற்றும் சேர்ந்து அந்தக் கல்லுக்குள், நான் நூலைத் தேடவேண்டிய அதே வெடிப்புகளில், உப்பு விளைவித்துக்கொண்டிருந்தன.

இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துத் தூக்கினேன். உடனே தார்ப்பாயின் மூலை என் முகத்தில் அடித்தது. உள்ளே காற்று புகுந்து பாய் முழுதும் உப்பிக்கொண்டு எழுந்தது.

"ஏம்மா! கைய எடு!" என்று அப்பா மேலிருந்து அலறினார். "அந்த மூலதான் காத்துக்கு நேரா இருக்குது!"

"இது என் கல்லுப்பா! ஸ்கேனுக்கு வெச்சிருந்த கல்லு!"

"எதுவா இருந்தா இன்னாம்மா, இப்ப எடுத்தா மொத்த உப்பும் தண்ணியாப் பூடும்!"

அவர் சொன்னது உண்மை. அந்த அம்பாரம்தான் அந்தப் பருவத்து எங்கள் வீடு, சாப்பாடு எல்லாம். ஆனால் கல்லை மறுபடி அந்தத் தண்ணீரில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்வதென்று யோசிக்கவெல்லாம் இல்லை. தார்ப்பாயின் மூலையைக் காலடியில் மிதித்து, அதன் மேலேயே உட்கார்ந்து, கல்லை மடியில் வைத்துக் குனிந்து மூடிக்கொண்டேன். மழை வந்தது. முதுகில் சரளை வீசுவது போல அடித்தது. பாய் என்னைத் தூக்கப் பார்த்தது. நானும் கல்லும் சேர்ந்த எடை எப்படியோ போதுமானதாக இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அப்பா மேலும் கோபம், மழை மேலும் கோபம், பாறையைப் படிக்கப் போன என் மேலேயே கோபம்.

மழை விட்டதும் அப்பா இறங்கி வந்தார். எங்கள் உப்பு பெரும்பாலும் தப்பித்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என் மடியில் இருந்ததையே பார்த்தார்.

"இதுவாம்மா உன் படிப்பு?"

"ஆமாம்பா."

"கல்லுன்னுதாம்மா நெனச்சேன்."

"கல்லுதாம்பா," என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவர் பக்கத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார்.

மேடத்துக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "கொண்டு வா, பார்ப்போம். வெடிப்புல உப்பு இருந்தா படத்துல தனியாத் தெரிஞ்சிடும்," என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மறுநாள் காலை ஈசிஆரில் பஸ் ஏறினேன். வழியில் ஏறிய ஒரு அம்மா மடியில் இருப்பது என்ன என்று கேட்டார். கல் என்றேன். சாமிக்கா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விளக்கம் சொல்லும் நிலையில் நான் இல்லை.

ஸ்கேன் அறையில் மேடமும், இயந்திரத்தை இயக்கும் பொறியாளரும், நானும் மட்டும். ஈயம் வைத்த கதவுக்குப் பின்னால் கல் மெதுவாகச் சுழன்றது. வெகுநேரம் கழித்துத் திரையில் படம் வந்தது. கதிரை அதிகம் தடுப்பது வெள்ளையாகத் தெரியும், காற்று கறுப்பாகத் தெரியும். கார்னெட் முத்துகள் பளீரென்று வெள்ளையாக இருந்தன. மைக்கா நிறைந்த பாறை வெளிர் சாம்பல். பொறியாளர் ஏடு ஏடாக நகர்த்தினார். அப்போது வந்தன நூல்கள். கொஞ்சம் அடர்ந்த சாம்பல் நிறத்தில், குவார்ட்ஸுக்கு உரிய நிறத்தில், ஒரு முத்திலிருந்து அடுத்த முத்துக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. ஒன்று இரண்டல்ல, கல் முழுக்க. இத்தனை வருஷம் நான் கற்பனையில் வரைந்து பார்த்த படம் அப்படியே திரையில் இருந்தது.

மேடத்தின் கை என் தோளில் விழுந்தது. "பார்த்தியா?" என்றார். அவர் அப்படிக் குதூகலமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "உப்பு எங்கயாவது தெரியுதா பாருங்க," என்று பொறியாளரிடம் சொன்னார்.

அவர் தயங்கினார். அட்டவணை ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, "மேடம், இந்த மெஷின்ல உப்பும் குவார்ட்ஸும் கிட்டத்தட்ட ஒரே கலர்தான் வரும்," என்றார். "வெறும் வெடிப்பா இருந்தா கறுப்பாத் தெரியணும். இதுல ஒரு கறுப்புக் கோடுகூட இல்ல."

மேடத்தின் கை என் தோளிலிருந்து விலகியது. மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த நூல்கள் பூமிக்கடியில் உண்டானவையா, எங்கள் அப்பாவின் வாய்க்காலில் உண்டானவையா? படத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. வேறு எந்த ஊர்ப் பெண்ணின் கல்லுக்கும் இப்படி ஒரு கேடு வந்திருக்காது. சிரிப்பு வந்தது, சிரித்தால் நிறுத்த முடியாது என்று அடக்கிக்கொண்டேன்.

வழி ஒன்றுதான். கல்லை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை வெளியேற்றிவிட்டு மறுபடி ஸ்கேன் எடுப்பது. உப்பு நூல்கள் கரைந்து கறுப்பாகிவிடும். குவார்ட்ஸ் நூல்கள் அப்படியே இருக்கும். மேடம் யார் யாரையோ கெஞ்சி இன்னொரு நாள் வாங்கினார். "இதுதான் கடைசி," என்று என்னிடம் சொன்னார்.

பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை விடுமுறையில் இருந்ததால் கல்லை ஊருக்கே கொண்டு வந்தேன். எங்கள் வீட்டு போர் தண்ணீரே கரிக்கும், அதில் ஊறப்போட்டால் உப்பு வெளியேறுவதற்குப் பதில் இன்னும் ஏறும். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை பிளாஸ்டிக் வாளியில் ஊற்றிக் கல்லை இறக்கினேன். ஃபில்டர் விற்பவர்கள் வைத்திருக்கும் சின்ன மீட்டரை வைத்து, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அடிக்கடி அளந்தேன். எண் ஏறும். தண்ணீரை மாற்றுவேன். மறுபடி ஏறும். வெளியே வர வர உள்ளே இன்னும் எவ்வளவு இருக்கிறதோ என்று திகிலாக இருக்கும். எண் கொஞ்சம் அடங்கியதும், பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டருக்கு மாறினேன். கடைக்காரர் எத்தனை வண்டி ஓடுகிறது உங்கள் வீட்டில் என்று கேட்டாராம் அப்பாவிடம். தினமும் அதை வாங்கி வந்தது அப்பாதான்.

அந்த நாட்களில் அவர் என் முன்னால் உட்கார்ந்தே நான் பார்க்கவில்லை. உப்பளத்திலிருந்து வருவார், நேராக வாளியிடம் போவார், குனிந்து பார்ப்பார். "போவுதாம்மா?" என்பார். "போவுதுப்பா," என்பேன். சாப்பிடும்போதுகூட அரைகுறையாகக் குந்திவிட்டு எழுந்துவிடுவார். அம்மா சாம்பாரில் உப்புப் போட மறந்த ஒரு நாள், நானும் அவளும் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தோம். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டு முடித்தார். "உப்புக்காரருக்கு உப்பு இல்லாததுகூடத் தெரியல பாரு," என்று அம்மா கிண்டல் செய்தாள். அவர் கையைக் கழுவிவிட்டு நேராக வாளியிடம் போனார்.

மீட்டரில் எண் அசையாமல் நின்ற பிறகு கல்லை எடுத்துச் சூடு காட்டி உலர்த்தினோம். ஸ்கேனுக்குக் கிளம்பும்போது அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். "நானும் வர்றேன். நான்தானே எடுத்துக்கினு போனேன்," என்றார். கல்லை அவர்தான் சுமந்துவந்தார். என்னிடம் தரவே இல்லை.

ஸ்கேன் கட்டடத்து வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள் இருந்தன. எவ்வளவு சொல்லியும் அவர் உட்காரவில்லை. அவரை அங்கேயே நிற்கவிட்டு உள்ளே போனேன்.

திரையில் முதல் ஏடு வந்தது. முந்தின படத்தையும் பக்கத்தில் வைத்திருந்தார்கள். போன தடவை சாம்பல் நூல் ஓடிய இடத்தில் இப்போது கறுப்புக் கோடு. அடுத்த ஏட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். நான் கொண்டாடிய ஒவ்வொரு நூலும் என் கண் முன்னால் வெறும் வெடிப்பாக மாறிக்கொண்டே வந்தது. எல்லாம் உப்புதான், எல்லாம் எங்கள் உப்புதான் என்று மனசுக்குள் ஒரே வார்த்தை ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நிற்கிறவரிடம் இதை எப்படிச் சொல்லப்போகிறேன் என்பதுதான் அப்போது பெரிய பயம்.

நடுப்பகுதிக்கு வந்தபோது பொறியாளரின் கை நின்றது. ஒரே ஒரு நூல் சாம்பலாகவே இருந்தது. ஒரு வரிசை முத்துகளைக் கோத்துக்கொண்டு, கல்லின் வயிற்றில் ஓடியது.

"இது நிக்குதே," என்றேன்.

"நடுவுல இருக்குதுங்க. தண்ணி அவ்ளோ உள்ள போயிருக்காது, அதனாலகூட உப்பு கரையாம இருக்கலாம்," என்றார் அவர். அந்த நேரத்தில் அவரை அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் கேட்க வேண்டிய சந்தேகத்தைத்தான் கேட்டார்.

மேடம் எழுந்தார். "படம் நம்ம கையில இருக்கு. இனி கல்லு முழுசா இருக்கணும்னு அவசியமில்ல. ஒடைச்சிடலாம்," என்றார். அறுத்தால் ரம்பத்துக்குத் தண்ணீர் விட வேண்டும், உப்பு இருந்தால் அதுவும் கரைந்துபோகும். அதனால் உளியும் சுத்தியலும்தான். கட்டடத்தின் பின்பக்கம் சிமெண்டுத் தரையில் கல்லை வைத்தோம். படத்தைப் பார்த்து மேடம் உளியை வைக்க இடம் குறித்தார். அப்பா கொஞ்சம் தள்ளி நின்றார். இத்தனை நாளாகக் குழந்தை மாதிரிக் குளிப்பாட்டித் துடைத்த கல்லை ஏன் உடைக்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. நான் சொல்லித்தான் புரிந்தது. முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதை என் பலம் முழுவதையும் சேர்த்துப் போட்டேன். கல் இரண்டாகப் பிளந்தது.

உடைந்த முகத்தில் சிவப்பு முத்துகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவே தலைமுடி கனத்தில் ஒரு வெளுத்த கோடு. உப்பும் அப்படித்தான் இருக்கும், குவார்ட்ஸும் அப்படித்தான் இருக்கும்.

"நாக்கை வை," என்றார் மேடம். பாறை படிக்கிறவர்கள் கல்லை நக்கிப் பார்ப்பது எங்களுக்குள் புதிதில்லை. வைத்தேன். கரித்தது மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. உதடெல்லாம் வியர்வை. என் நாக்கை என்னால் நம்ப முடியவில்லை. கல்லைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

"நீ பாருப்பா."

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. "வேணாம்மா. என் நாக்குக்கு உப்பு ஒறைக்கிறதே இல்ல, உனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதுவும் இல்லாம, இல்லன்னு சொல்லணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்குது. அதனால என்னக் கேக்காத. நீயே பாரு," என்றார்.

அவர் முகத்தை அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. குழாயடிக்குப் போய் வாயை நன்றாகக் கொப்பளித்தேன். கர்சீப்பால் உதட்டைத் துடைத்தேன். முதலில் என் மணிக்கட்டை நக்கிப் பார்த்தேன். வியர்வையின் உப்பு சுரீரென்று தெரிந்தது. நாக்கு சரியாகத்தான் இருந்தது. மறுபடி வாயைக் கொப்பளித்துவிட்டு, அந்தக் கோட்டின் மேல் நாக்கை வைத்து, எடுக்காமல் அப்படியே இருந்தேன். குளிர்ச்சி. கொஞ்சம் மண். வேறு ஒன்றுமே இல்லை.

"உப்பு இல்லப்பா," என்றேன்.

"நிஜமாவா?"

"இல்லப்பா. இது உள்ளயே இருந்தது. எப்பவோ இருந்தது."

மேடம் கோட்டின் மேல் விடுவதற்கு ஒரு மருந்து பாட்டிலைக் கொண்டுவர உள்ளே போனார். நாக்கை ஆய்வேட்டில் எழுத முடியாதல்லவா. உப்பு இருந்தால் அந்தச் சொட்டு பாலாக வெளுக்கும், அது வெளுக்கவில்லை. கல் முழுக்க நூல் என்று எழுத இருந்த அத்தியாயம், ஒரே ஒரு நூலைப் பற்றிய அத்தியாயமானது. "ஒண்ணு போதும்," என்றார் மேடம்.

அப்பா அந்தச் சிமெண்டுத் தரையிலேயே, வெள்ளை வேட்டியோடு, காலை நீட்டி உட்கார்ந்தார். பாதிக் கல்லை அவர் கையில் கொடுத்தேன். வாங்கியதும் அவர் கை தானாக அதை மேலும் கீழும் தூக்கி எடை பார்த்தது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, சட்டென்று நிறுத்தி, இரண்டு கையாலும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.